அப்பத்தாவின் பேதிநாளும் என் சுத்திக்கிரியையும்

முழுப்பரீட்சை லீவு விட்ட முதல் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் பேதிநாள். மதுரை தெற்குமாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், வாசல் ஓர் ஆள் நுழையும் அகலமும் உள்ளே ரயில்பெட்டி நீளமுமாக இருந்த வீடு அது. விடியற்காலை நாலரைக்கு அடுப்படியிலிருந்து விளக்கெண்ணெய் சூடாகும் வாடை வரும். வந்ததும் பேரப்பிள்ளைகள் ஆறு பேரும் தூங்குவதுபோல் நடிப்போம். கண்ணை இறுக்கி மூடியவன்தான் முதலில் மாட்டுவான். நிஜமாகத் தூங்குகிறவன் கண்ணை அப்படி இறுக்கமாட்டான் என்பது அப்பத்தாவின் கண்டுபிடிப்பு.

"எந்திரிடா ராசா. ஒரே மடக்கு. கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள உள்ள போயிரும்."

போகாது. கடுங்காப்பியில் கலந்தாலும் விளக்கெண்ணெய் தனியாகத்தான் மிதக்கும். தொண்டைக்கு வந்ததும் அங்கேயே குடியேறப் பார்க்கும். கையைப் பிடிக்க ஒரு அத்தை, மூக்கைப் பிடிக்க ஒரு சித்தப்பா. உள்ளே இறங்கியதும் நாக்கில் ஒரு துண்டு நார்த்தங்காய் ஊறுகாய். அதன்பிறகு மதியம்வரை வீட்டில் ஒரே பேச்சு, யாருக்கு எத்தனை தடவை என்பதுதான். கணக்கு வைப்பவள் அப்பத்தா. அவளுக்குத் திருப்தியானதும் ஆளுக்கு ஒரு டம்ளர் மோர். அதோடு பேதி நிற்கும். ராத்திரி குழையவிட்ட ரசஞ்சோறு. "குடல் கழுவுன புள்ளைக மூஞ்சியப் பாரு, புளி போட்டு வெளக்குன செம்பு மாதிரி" என்று திருஷ்டி கழித்துவிட்டுப் படுப்பாள்.

அந்த நாளிலிருந்து தப்பிக்க நான் செய்யாத தந்திரம் இல்லை. ஒரு வருஷம் ஓடிப்போய் மீனாட்சியம்மன் கோயிலில், கல்யானைக்குக் கரும்பு கொடுத்த எல்லாம் வல்ல சித்தர் சன்னதிக்குப் பக்கத்தில் ஒளிந்திருந்தேன். கல்லுக்கே பசி வரவழைத்த சித்தர் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. பத்தே நிமிஷத்தில் சித்தப்பா வந்து காதைப் பிடித்து இழுத்துப் போனார்.

இப்போது எனக்கு அறுபத்து மூன்று வயது. பாங்கி வேலையிலிருந்து ஓய்வு, கே.கே. நகரில் அடுக்குமாடி வீடு, கொஞ்சம் தொப்பை, கொஞ்சம் சர்க்கரை. சென்ற வருஷம் பெங்களூரிலிருக்கும் மகள் போனிலேயே தேடி, போனிலேயே பணம் கட்டி, என்னை ஒரு மூன்று நாள் முகாமில் சேர்த்துவிட்டாள். யானைமலைக்குப் பின்னால் ஒரு மாந்தோப்புக்குள் நடந்தது. முகாமின் பெயர் 'உடல், மூச்சு, மனம்: முழுமைச் சுத்தி.' கட்டணம் நாலாயிரத்து ஐந்நூறு, சாப்பாடு உட்பட. மூன்று நாளில் ஒன்றரை நாள் சாப்பாடே கிடையாது என்பது போனபிறகுதான் தெரிந்தது. கையைக் காலைப் பிடித்து ஊற்றியபோது ஓடினவன், காசு கொடுத்து வரிசையில் நின்று குடிக்கப் போனேன்.

மாஸ்டர் சின்னப் பையன். மேலூர்ப் பக்கம், என் மகள் வயதுதான் இருக்கும். வெள்ளைப் பலகையில் ஆறு பெயர்களை எழுதினார்: தௌதி, வஸ்தி, நேதி, திராடகம், நௌலி, கபாலபாதி. பதினைந்தாம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் எழுதிய 'ஹடயோகப் பிரதீபிகை' சொல்லும் ஷட்கர்மங்கள் இவை என்றார். வயிற்றுக்கு, குடலுக்கு, மூக்குக்கு, கண்ணுக்கு, அடிவயிற்றுத் தசைக்கு, கபாலத்துக்கு என்று ஆளுக்கொரு வேலை. தௌதியில் நனைத்த துணியை விழுங்கி வெளியே இழுக்கவேண்டும். துணியின் அளவு 4 விரல் அகலம், 15 முழ நீளம். எனக்குப் பக்கத்திலிருந்த ஜவுளிக்கடைக்காரர் மனக்கணக்குப் போட்டு, "ரெண்டு எட்டு முழ வேட்டிக்கு ஒரு முழம்தான் சார் கம்மி" என்றார். அந்தக் கிரியை இந்த முகாமில் இல்லை என்று மாஸ்டர் அறிவித்ததும் அரங்கமே மூச்சுவிட்டது. அதுதான் அன்றைய முதல் பிராணாயாமம்.

மாஸ்டர் சொல்லாமல் விட்டதையும் நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். கொழுப்பும் கபமும் மிகுந்தவர்கள்தான் இந்த ஆறையும் செய்யவேண்டும், மற்றவர்களுக்குத் தேவையில்லை என்று அந்த நூலே சொல்கிறது. மூச்சுப் பயிற்சி ஒன்றே எல்லா அழுக்கையும் போக்கிவிடும் என்பது சில ஆசான்களின் கட்சி என்றும் குறித்து வைத்திருக்கிறது. மருந்துச் சீட்டாக எழுதப்பட்டது காலப்போக்கில் விலைப்பட்டியல் ஆகிவிட்டது.

எழுதப் படிக்கத் தெரியாத அப்பத்தாவுக்கு சுவாத்மாராமரைத் தெரியாது. சித்தர் தேரையரையும் தெரியாது. ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாந்திக்கு, நான்கு மாதத்துக்கு ஒருமுறை பேதிக்கு மருந்து, ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை மூக்கில் நசியம், நாலு நாளுக்கு ஒருமுறை எண்ணெய்க் குளியல் என்று தேரையர் பெயரில் வழங்கும் நோயணுகா விதியில் பாதி அவள் விரல் நுனியில் இருந்தது. காலண்டர் இல்லாமல் நடந்த காலண்டர் அது.

அதற்காக அப்பத்தாவைக் கோபுரத்தில் ஏற்றப்போவதில்லை. அதே கையால்தான் பிறந்து பத்து நாளான குழந்தையின் மூக்கிலும் எண்ணெய் விட்டு ஊதினாள். சளி வராது என்பது அவள் நம்பிக்கை. அந்த எண்ணெய் மூச்சுக்குழலில் இறங்கி நுரையீரலில் தங்கினால் நிமோனியா வரும் என்று இன்று குழந்தை மருத்துவர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். எங்கள் வீட்டில் தவறிப்போன ஒரு குழந்தையைப் பற்றி 'சளி கட்டிருச்சு' என்று மட்டும் சொல்வார்கள். அந்தச் சளிக்கு யார் காரணம் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. இப்போது கேட்டுப் பயனில்லை.

முதல் நாள் நேதி. கையில் மூக்கு வைத்த பிளாஸ்டிக் கெண்டி. பச்சைக் குழந்தைக்குப் பால் புகட்டும் சங்கைக் கொஞ்சம் பெரிதாக்கியதுபோல் இருந்தது. அரை லிட்டர் வெதுவெதுப்பான நீருக்கு ஒரு தேக்கரண்டி உப்பு. தலையை ஒரு பக்கம் சாய்த்து, வாயால் மூச்சுவிட்டுக்கொண்டே ஒரு நாசியில் ஊற்றினால் மற்ற நாசியில் கொட்டும். சரியாகச் செய்தால் எரிச்சல் துளிக்கூட இல்லை. நான் நடுவில் 'சரியா மாஸ்டர்?' என்று கேட்க வாயெடுத்தேன். அவ்வளவுதான், உச்சந்தலைவரை உப்பு.

அந்த எரிச்சல் பழைய எரிச்சல். சோழவந்தானில் பெரியப்பாவின் தென்னந்தோப்புக் கிணற்றில் மேட்டிலிருந்து தலைகீழாகக் குதிக்கும்போதெல்லாம் இதே இடத்தில் இதே எரிச்சல் எடுக்கும். பெரியாறுப் பாசனத்தில் கிணறு நிரம்பிக் கிடக்கும் மாதங்களில் ஒரு நாளைக்கு இருபது நேதி செய்திருப்போம். எங்கள் சொல்லில் அது 'மூக்குல தண்ணி போறது'. கிடைத்த வெகுமதி பெரியம்மாவின் வசவு.

ஆனால் ஒரு விஷயத்தில் மாஸ்டர் கண்டிப்பாக இருந்தார். கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர்தான் வேண்டும், குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது என்றார். நியாயம். 2011ஆம் ஆண்டு அமெரிக்காவின் லூசியானாவில் குழாய்த் தண்ணீரால் மூக்கைக் கழுவிய இருவர், மூளையைத் தின்னும் அமீபாவால் இறந்தார்கள். குடித்தால் ஒன்றும் செய்யாத அந்த உயிரி மூக்கின் மேற்கூரை வழியாகப் போனால் உயிரைக் குடிக்கும். கிணற்றில் குதித்துத் திரிந்த நாங்கள் பிழைத்தது யோக பலத்தால் அல்ல, அதிர்ஷ்டத்தால்.

மதியம் மூச்சு. இடகலை, பிங்கலை, சுழுமுனை என்று மூன்று நாடிகள். வலது நாசியைக் கட்டைவிரலால் மூடி இடது நாசியில் இழுத்து, பிறகு இடதை மூடி வலதில் விடுவது நாடி சுத்தி. திருமூலர் கணக்கில் மூச்சை இழுக்கும் பூரகம் 16 மாத்திரை, நிறுத்தும் கும்பகம் 64, விடும் இரேசகம் 32. எனக்குப் பதினாறு சுகமாக வந்தது. கும்பகத்தில் இருபதைத் தாண்டும்போது ஓய்வூதியம் என் மனைவி பெயருக்கு மாறுவதுபோல் ஒரு காட்சி தெரிந்தது. "பிரஷர் இருக்கிறவங்க மூச்ச நிறுத்தக் கூடாது ஐயா, இழுத்து விட்டாப் போதும்" என்று மாஸ்டர் காப்பாற்றினார். அடுத்தது கபாலபாதி: வயிற்றை எக்கி, மூக்கு வழியாகப் படபடவென்று மூச்சைத் தள்ளுவது. முப்பது பேர் சேர்ந்து செய்தபோது தோப்பில் ரைஸ்மில் ஓடுவதுபோல் இருந்தது.

அந்தச் சத்தத்தை எங்கேயோ கேட்டிருக்கிறேனே என்று யோசித்தேன். அப்பத்தாவின் ஊதுகுழல். ஈர விறகு, எரியாத அடுப்பு, குனிந்த முதுகு, காலை மாலை இரண்டு வேளையும் ஒரு முழ இரும்புக்குழாயில் உஸ் உஸ் என்று ஊதுவாள். வயிறு அதேபோல் எக்கும். நாளைக்கு எத்தனை சுற்று என்று யாரும் எண்ணியதில்லை. ஒரே வித்தியாசம், ஊதுவதற்கு இழுத்த காற்றெல்லாம் புகை. 1978இல் எங்கள் வீட்டுக்குக் கேஸ் அடுப்பு வந்தது. அதற்குள் அவளுக்கு இருமல் நிரந்தரமாகியிருந்தது. இருமிக்கொண்டேதான் போனாள். வீட்டிலேயே அதிகம் மூச்சுப் பயிற்சி செய்தவள் மூச்சிறைத்துச் செத்தாள். முன்னோர்கள் வேலையே யோகா என்று வாழ்ந்தார்கள் என்று யாராவது மேடையில் பேசினால் எனக்கு அந்த ஊதுகுழல்தான் நினைவுக்கு வரும்.

இரண்டாம் நாள் மாலை மனம். விளக்கை அணைத்துவிட்டு, மெழுகுவர்த்திச் சுடரை இமைக்காமல் பார்க்கும் திராடகம். பிறகு கண்மூடி அமர்ந்தோம். எங்கள் வரிசையில் பழைய மனவளக்கலை அன்பர் ஒருவர் இருந்தார். ஒவ்வொரு பயிற்சி முடிந்ததும் கையெடுத்து "வாழ்க வளமுடன்" என்பார். நெசவாளர் வீட்டில் பிறந்த வேதாத்திரி மகரிஷியிடமிருந்து தமிழ்நாட்டுத் தெருத்தெருவாகப் பரவிய வாழ்த்து அது. எங்கள் குடியிருப்பில் பராமரிப்புக் கட்டணம் கட்டாதவரிடம் செயலாளர் சண்டை போட்டுவிட்டுக்கூட "வாழ்க வளமுடன்" சொல்லித்தான் போனை வைப்பார்.

மனத்தைப் பற்றி மதுரைக்காரன் எங்கும் போய்க் கற்கவேண்டியதில்லை. தெற்குக் கோபுரத்தை ஒட்டிய சொக்கப்ப நாயக்கன் தெருவில், 11ஆம் எண் வீட்டு மாடி அறையில், 1896 ஜூலையில் பதினாறு வயதுப் பையன் ஒருவனுக்குத் திடீரென்று சாவு பயம் வந்தது. படுத்து, செத்தவன்போல் உடலை விறைக்கவிட்டு, சாவது யார் என்று பார்த்தான். அவ்வளவுதான் அவன் செய்த பயிற்சி. ஆறு வாரம் கழித்து, அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருந்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு திருவண்ணாமலைக்கு ரயிலேறினான். ரமண மகரிஷி ஆன அந்த வேங்கடராமனின் யோகத்துக்குச் செலவு மூன்று ரூபாய். அதுவும் ரயில் கட்டணம். மூச்சை அடக்கினால் மனம் அடங்கும், ஆனால் மூச்சு அடங்கியிருக்கும்வரைதான் என்று அவர் பிறகு 'நான் யார்?' நூலில் சொன்னார். மூக்குப்பொடி வாங்க அந்தத் தெரு வழியாகத்தான் அப்பத்தா என்னை அனுப்புவாள். அந்த வீட்டைத் தாண்டிப் போய் வருவேன். எனக்கு ஒன்றும் ஆனதில்லை.

அப்பத்தாவுக்கு மனசுத்தம் என்பது தனிப் பாடம். "மனசு சுத்தமா இருந்தாப் போதும்டா" என்று நாளைக்குப் பத்து தடவை சொல்வாள். 1939 ஜூலை 8ஆம் தேதி, அ. வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த கக்கன் உள்ளிட்டவர்களை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தபோது அவள் புதுப்பெண். சுத்தி செய்தாலொழியப் பூசை இல்லை என்று பட்டர்கள் சிலர் அடம்பிடித்தார்கள். அவளுடைய மாமியார், தீட்டுப் பட்ட கோயிலுக்கு யாரும் போகக் கூடாது என்று வீட்டுப் பெண்களை ஒரு வருஷம் அடைத்து வைத்தாராம். இதைச் சொல்லிச் சொல்லி அப்பத்தா சிரிப்பாள். "சாமிக்கு ஏதுடா தீட்டு? கிழவிக்குத்தான் கோட்டி."

இவ்வளவும் சிரித்துச் சொன்ன அதே அப்பத்தாவின் வீட்டுக் கொல்லையில் எடுப்புக் கக்கூஸ் இருந்தது. பின்சந்தில் ஒரு சின்னத் தகரக் கதவு. காலை ஏழு மணிக்கு ஒரு பெண் வாளியும் தகரமுமாக வருவார். பேதிநாளன்று ஆறு பிள்ளைகளும் நாலு பெரியவர்களும். அதனால் அன்று மட்டும் அவர் மாலையில் இன்னொரு தடவை வரவேண்டும். அதற்கு நாலணா அதிகம். மீந்த ரசஞ்சோற்றை அப்பத்தா அவருடைய அலுமினியச் சட்டியில், சட்டியில் கை படாதபடி ஒரு அடி உயரத்திலிருந்து போடுவாள். மனசு சுத்தமாகத்தான் போடுவாள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் குடல் செம்பு மாதிரி மின்னியதன் பாரம் முழுக்க அந்தப் பெண்ணின் தலையில் போனது. அவருக்கு என் அம்மா வயது. எட்டு வயதில் நான் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன், 'ஏய்' சேர்த்து. அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை.

மூன்றாம் நாள் சங்கப் பிரக்ஷாலனம். சங்கின் உட்புறம்போல் வளைந்த குடலைக் கழுவுவதால் அந்தப் பெயர். வெறும் வயிற்றில் இரண்டு டம்ளர் வெதுவெதுப்பான உப்புநீர், பிறகு தாடாசனம் முதலாக ஐந்து ஆசனங்கள், மறுபடி இரண்டு டம்ளர், மறுபடி ஆசனங்கள். போவது தெளிந்த தண்ணீராகும்வரை இப்படியே. சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுவதால் என்னைப் பாதிச் சுற்றோடு நிறுத்திவிட்டார் மாஸ்டர். நல்ல பிள்ளை. முடிந்தபின் சவாசனம், முக்கால் மணி நேரம் கழித்துக் குழைந்த அரிசி பருப்போடு நெய். மிளகு, சீரகம் இல்லாத வெண்பொங்கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பத்தாவின் ரசஞ்சோறு ஆயிரம் மடங்கு தேவலை.

கிரியையை விட அன்று மறக்கமுடியாதது வரிசை. முப்பது பேர், நான்கு கழிப்பறை. ஓய்வுபெற்ற தாசில்தார், பல் டாக்டர், ஜவுளிக்கடைக்காரர், நான். எல்லோர் முகத்திலும் ஒரே தியானம். இரண்டாவது சுற்றில் ஒரு கழிப்பறை அடைத்துக்கொண்டது. மூன்றாவது சுற்றில் இன்னொன்று. பச்சைச் சீருடை, ரப்பர் கையுறை, நைந்த செருப்போடு ஓர் அம்மா வந்தார். காலை ஆறிலிருந்து பதினொன்றரை வரை அந்த நான்கு கதவுகளுக்கும் இடையில் நடந்துகொண்டே இருந்தார். அவர் உள்ளே போனால் வரிசை முணுமுணுக்கும், "சீக்கிரம் வாம்மா." வெளியே வந்தால் யாரும் அவரைப் பார்ப்பதில்லை.

மலத்தைக் கையால் அள்ளவைப்பதை 1993இல் ஒரு சட்டம் தடுத்தது, 2013இல் இன்னொரு சட்டம் இன்னும் இறுக்கியது. எங்கள் தகரக் கதவு அதற்கெல்லாம் முன்பே போய்விட்டது. இந்த அம்மா தோப்பின் முன்வாசல் வழியாகத்தான் வருகிறார். மாதச் சம்பளம், கையுறை, பினாயில். அந்தக் காலத்தைவிட எவ்வளவோ மேல், அதை மறுக்கக் கூடாது. ஆனால் அப்போது எங்கள் வீட்டில் அத்தனை பேருக்கும் அந்தப் பெண்ணின் பெயர் தெரியும். இப்போது முகாமில் முப்பது பேரில் ஒருவருக்கும் இந்த அம்மாவின் பெயர் தெரியாது. பெயர் தெரிந்து மரியாதை கொடுக்காதது அந்தக் காலம். பெயர் தெரியாமல் 'அம்மா' என்பது இந்தக் காலம்.

நிறைவு விழாவில் மாஸ்டர் சான்றிதழ் வழங்கினார். உடல், மூச்சு, மனம் மூன்றும் சுத்தி பெற்றதாகத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்திருந்தது. கழுவிய அம்மாவின் பெயரைச் சொல்லி யாரும் மேடைக்குக் கூப்பிடவில்லை. கூப்பிட என்னாலும் முடியவில்லை. நானும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லையே.

திரும்பும் வழியில் பஸ் தமுக்கத்தைத் தாண்டியது. ராணி மங்கம்மாள் அரண்மனையில் 1959இல் நேரு திறந்துவைத்த காந்தி அருங்காட்சியகம். எண்பதுகளில் அங்கே நடந்த யோகா வகுப்பில்தான் நான் முதன்முதலில் பத்மாசனம் போட்டேன். காந்தி சாதாரணச் சுத்திக்காரர் அல்ல. எனிமா, மண்பட்டி, உபவாசம் என்று உடம்பைக் கழுவுவதில் எங்கள் மாஸ்டருக்கே பாடம் எடுக்கக் கூடியவர். மேலமாசி வீதியில் 1921 செப்டம்பர் 22ஆம் தேதி, இருந்த உடுப்பையும் குறைத்து அரைவேட்டிக்கு வந்தவர். ஆனால் 1901இல் கல்கத்தா காங்கிரஸில் கக்கூஸ் நாறியபோது, 'அது தோட்டியின் வேலை' என்று தொண்டர்கள் நின்றார்கள். அவர் துடைப்பம் கேட்டு வாங்கித் தானே கழுவினார். ஆசிரமங்களிலும் வந்தவர் எல்லோருக்கும் அந்த முறை உண்டு. குடலைக் கழுவியவர்கள் வாளியையும் கழுவவேண்டும் என்பது அவர் கணக்கு. சுவாத்மாராமர் ஆறோடு நிறுத்தியதை அவர் ஏழாக்கிவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இந்த வருஷமும் மகள் அதே முகாமுக்குப் பணம் கட்டிவிட்டாள். இந்த முறை நேதிக் கெண்டியோடு ஒரு கழிப்பறைப் பிரஷும் ஒரு பாட்டில் பினாயிலும் பையில் வைத்திருக்கிறேன். இந்த மாதிரி முகாமுக்கு நீங்களும் போகிறவரானால், போன முதல் நாளே அங்கே கழுவுகிறவரின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள், உங்கள் சுற்று முடிந்ததும், கதவைத் திறப்பதற்கு முன் நீங்களே கழுவிவிட்டு வாருங்கள். அதற்குச் சான்றிதழ் கிடையாது.